டால்ஸ்டாய் பண்ணையில் இருபாலர் கல்வியும் ஒழுக்க விதியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பள்ளி வளாகத்தில் மாணவரும் மாணவியரும் கைகோத்தல், தழுவுதல், தனித்துப் பேசுதல் முதலியவற்றைத் தடுக்கும் விதிகள் இருபாலர் கல்வியோடு உடன்பிறந்தவை எனலாம். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வெவ்வேறு பள்ளிகளில் பயின்ற காலத்தில் பெரும்பாலும் சுவரே விதியாக இருந்தது. இருசாராரும் ஒரே வகுப்பறைக்கு வந்தபின், சுவர் செய்துவந்த வேலையை ஒழுங்குமுறைப் புத்தகம் ஏற்றுக்கொண்டது. இவ்விதிகளை ஆதரிப்போர் அவற்றை நம் தொன்மைப் பண்பாட்டின் தொடர்ச்சியாகக் காட்டுவர். எதிர்ப்போர் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற விக்டோரியக் கால எச்சம் என்பர். இரண்டு கூற்றிலும் உண்மையின் ஒரு பங்கு உண்டு. ஆயினும், இவ்வாறு பொதுப்படப் பேசுவதால் ஒரு கேள்வி மறைந்துபோகிறது. விதி மீறப்பட்டதாகக் கருதப்படும்போது அதன் சுமையைத் தாங்குபவர் யார் என்பதே அக்கேள்வி.

இதற்கு விடைகாண ஒரே ஒரு பள்ளியை நுணுகிக் காண இக்கட்டுரை முற்படுகிறது. அப்பள்ளி, தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு ஏறத்தாழ 21 மைல் தொலைவில் இருந்த டால்ஸ்டாய் பண்ணையில் 1910 முதல் 1913ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நடைபெற்றது. அதன் தலைமையாசிரியர் காந்தியடிகள். மாணவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். நம் துறையில் காந்தியடிகளின் அரசியல் குறித்துப் பல ஆய்வுகள் வந்துள்ளன. அவர் வகுப்பறையில் நின்ற ஆண்டுகளை நாம் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்பதே என் கருத்து.

பண்ணையும் பள்ளியும்

காந்தியடிகளின் நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக், லாலி தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில் தாம் வாங்கியிருந்த சுமார் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காக 1910 மே 30 அன்று ஒப்படைத்தார். தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவாவதற்கு முந்திய நாள் அது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை முடிவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். நேட்டாலுக்கு அனுப்புவது மறு ஆண்டில் நின்றது. ஆகவே, நம் முன்னோர் இங்குத் தோட்டங்களில் வேரூன்றிய காலமும் அப்பண்ணையின் காலமும் ஒன்றே.

பண்ணையில் குஜராத்தியர், தமிழர், தெலுங்கர், வட இந்தியர் எனப் பலரும், இந்து, இசுலாம், பார்சி, கிறித்துவம் எனப் பல சமயத்தவரும் வாழ்ந்தனர். காந்தியடிகள் தரும் கணக்கின்படி, இளைஞர் ஏறத்தாழ நாற்பதின்மர், முதியவர் இருவர் அல்லது மூவர், பெண்கள் ஐவர், பிள்ளைகள் இருபது முதல் முப்பது வரை. அப்பிள்ளைகளுள் பெண்பிள்ளைகள் நால்வர் அல்லது ஐவரே. இவ்வெண்ணிக்கையை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். இருபாலர் கல்வி என்று நாம் பேசும்போது, ஆண்கள் நிறைந்த ஒரு சிற்றூரில் விரல்விட்டு எண்ணத்தக்க சிறுமியர் இருந்த நிலையையே குறிக்கிறோம்.

ஆடவர் குடியிருப்பும் பெண்டிர் குடியிருப்பும் ஒன்றற்கொன்று தொலைவில் தனித்தனியே அமைக்கப்பட்டன. முற்பகலில் உடலுழைப்பு, பிற்பகலில் வகுப்பு. இந்தி, தமிழ், குஜராத்தி, உருது ஆகிய நான்கு மொழிகளும் கற்பிக்கப்பட்டன. கப்பற் பயணங்களிலும் சிறையிலும் போப்பையரின் கையேட்டைக் கொண்டு கற்ற தமிழே காந்தியடிகளின் தமிழ். அதைக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தார் என்பதைத் தமிழாசிரியர்கள் புன்முறுவலோடு நினைவுகூரலாம். தம் மாணவர் தம்மைவிட நன்றாகத் தமிழ் பேசியதை அவர் மறைக்கவில்லை.

பாடநூலைவிட உள்ளப் பயிற்சியே முதன்மையானது என்பது அவர் கொள்கை. அதற்காக இருபத்துநான்கு மணி நேரமும் பிள்ளைகளுடன் தந்தையைப்போல வாழ முடிவு செய்தார். தந்தையாகிய ஆசிரியர் என்னும் இக்கருத்து பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

துணிவான சோதனை

இன்றைய பள்ளி நிருவாகி எவரும் கனவிலும் எண்ணாத உரிமையைக் காந்தியடிகள் அப்பிள்ளைகளுக்கு அளித்தார். குறும்புக்காரச் சிறுவர்களும் சிறுமியரும் ஒரே ஊற்றில் ஒரே நேரத்தில் நீராட அனுப்பப்பட்டனர். தன்னடக்கம் பற்றி அவர்களுக்கு முன்னரே எடுத்துரைக்கப்பட்டிருந்தது. எல்லாரும் கூட்டமாகச் செல்வதே ஒரு பாதுகாப்பு என அவர் கருதினார். பெரும்பாலும் தாமும் அங்கே இருந்தார். இரவில் அனைவரும் திறந்த தாழ்வாரத்தில் உறங்கினர். இரு படுக்கைகளுக்கு இடையே மூன்றடி இடைவெளியே இருந்தது. படுக்கைகளின் வரிசையை அமைப்பதில் மட்டும் சற்றுக் கவனம் செலுத்தப்பட்டது. பெற்றோர் இவற்றையெல்லாம் அறிந்தே இசைந்தனர்.

இங்கே விதி இல்லை; அதற்கு மாற்றாகக் கண் இருந்தது. ஒரு தாயின் கண் மகளைப் பின்தொடர்வதுபோலத் தம் கண் அச்சிறுமியரைப் பின்தொடர்ந்தது என்று அவரே குறிப்பிடுகிறார். எழுதப்பட்ட விதிக்கு ஓர் எல்லை உண்டு. அது சொல்லாத இடத்தில் மாணவர் தம் விருப்பம்போல் இருக்கலாம். கண்காணிப்புக்கு அத்தகைய எல்லை இல்லை. எனவே, டால்ஸ்டாய் பண்ணை கட்டுப்பாடற்ற பள்ளி என்று கொள்வது பொருந்தாது. அங்கே கட்டுப்பாடு ஒரு மனிதரிடத்தில் குவிந்திருந்தது.

கூந்தல்

ஒருநாள் இளைஞர் ஒருவர் இரண்டு சிறுமியரைக் கேலி செய்தார். செய்தி காந்தியடிகளுக்கு எட்டியது. விசாரித்ததில் உண்மையெனத் தெரிந்தது. அவர் நடுங்கிப்போனார். இளைஞர்களைக் கண்டித்தார். அது போதுமென்று அவருக்குத் தோன்றவில்லை. எந்த இளைஞரின் தீய பார்வையும் அச்சிறுமியர்மேல் படாதவாறு அவர்கள் உடலிலேயே ஓர் அடையாளம் இருக்க வேண்டும் என எண்ணினார். என்ன அடையாளம் என்னும் கேள்வி அவரை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. காலையில், அவர்களுடைய நீண்ட அழகிய கூந்தலைத் தாம் வெட்டிவிட இசையுமாறு அச்சிறுமியரிடம் மெல்லக் கேட்டார். அவர்கள் முதலில் மறுத்தனர். பண்ணையிலிருந்த மூத்த பெண்களால் அக்கருத்தைப் பொறுத்துக்கொள்ளவே இயலவில்லை. எனினும் அவருடைய நோக்கத்தைப் புரிந்துகொண்டு இறுதியில் துணைநின்றனர். சிறுமியரும் இணங்கினர். கூந்தலைக் காந்தியடிகளே தம் கையால் வெட்டினார்.

இவையனைத்தும் 1923இல் எரவாடா சிறையில் அவர் எழுதத் தொடங்கிய தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் உள்ளவை. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1928இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. எவரும் குற்றஞ்சாட்டாத நிலையில், பத்தாண்டுகளுக்குப் பின் தாமாகவே இதனை அவர் எழுதினார் என்பதையும் நாம் மதிக்க வேண்டும். அவர் எழுதியிராவிடில் இந்நிகழ்ச்சியை ஆராயும் வாய்ப்பே நமக்கு இல்லை.

மூத்த பெண்கள் ஏன் பொறுக்கமாட்டாது துடித்தனர் என்பது தமிழ் இலக்கியம் கற்றோர்க்கு விளக்கம் வேண்டாதது. சங்க மரபில் பெண்ணின் கூந்தல் கணவனுக்கே உரியது. கணவனை இழந்தவள் கூந்தல் களைதலைப் புறநானூறு பதிவு செய்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் மழித்த தலை கைம்மையின் அடையாளமே. மணமாகாத சிறுமியின் தலையில் அவ்வடையாளம் ஏறுவதை எந்தத் தாயால் காண இயலும்? காந்தியடிகளுக்குக் கத்தரிக்கோல் வேறொரு பொருள் தந்தது. பிரிட்டோரியாவில் வெள்ளை முடிதிருத்துநர் ஒருவர் அவருக்கு முடிவெட்ட மறுத்தபின் தாமே தம் முடியை வெட்டிக்கொண்டவர் அவர். பண்ணையிலும் ஆடவர் ஒருவர்க்கொருவர் முடிவெட்டிக்கொண்டனர். அவருக்குத் தற்சார்பின் கருவியாக இருந்த ஒன்று, அப்பெண்களுக்கு இழப்பின் கருவியாகத் தோன்றியது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கேலி செய்தவர் இளைஞர். அவருக்குக் கிடைத்தது கண்டனம். கேலிக்கு உள்ளானவர் சிறுமியர். அடையாளம் ஏறியது அவர்கள் உடலில். காந்தியடிகள் இதனைத் தண்டனையாகக் கருதவில்லை, காப்பாகவே கருதினார். அவருடைய நோக்கத்தில் ஐயங்கொள்ள இடமில்லை. ஆனால், காப்பும் தண்டனையும் ஒரே வடிவில் வந்தால், அதனைத் தாங்குபவர் இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? பிறர் பார்வையின் குற்றத்தைப் பார்க்கப்பட்டவரை மாற்றுவதன்மூலம் தீர்க்கும் முறை, மாணவியரின் உடைநீளத்தையும் தலைப்பின்னலையும் மட்டும் அளக்கும் பள்ளிகளில் இன்றும் தொடர்வதை ஆசிரியர்கள் அறிவர்.

அடிகோலும் கத்தரிக்கோலும்

இந்நிகழ்ச்சியை அதே பள்ளியில் நடந்த இன்னொன்றோடு ஒப்பிடுதல் தகும். உடல்தண்டனையைக் காந்தியடிகள் எதிர்த்தார். ஆயினும், அடங்காத மாணவன் ஒருவனை ஒருமுறை அடிகோலால் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கியது. பதினேழு வயதுடைய, வலிமைவாய்ந்த அவ்விளைஞன் திருப்பி அடித்திருக்க முடியும். ஆனால் அழுது மன்னிப்புக் கேட்டான். இதனைச் சத்திய சோதனையில் விவரிக்கும் காந்தியடிகள், அவ்வன்செயலுக்காகத் தாம் இன்னும் வருந்துவதாகவும், அன்று தம்முள் இருந்த ஆன்மாவையன்றி விலங்கையே அவனுக்குக் காட்டிவிட்டதாக அஞ்சுவதாகவும் எழுதுகிறார்.

கூந்தல் வெட்டிய நிகழ்ச்சியில் அத்தகைய வருத்தம் இல்லை. அச்சிறுமியர் எதையும் இழக்கவில்லை. எவ்வளவு பெற்றனர் என்பதை இறைவனே அறிவான் என்பது அவருடைய முடிவு. அதன்பின் பண்ணையில் கேலிப் பேச்சு எழவில்லை என்றும் கூறுகிறார். ஒரு மாணவனின் கையில் பட்ட ஓர் அடி, ஆசிரியரின் மனத்தை ஆண்டுக்கணக்கில் உறுத்தியது. இரு மாணவியரின் கூந்தல் உறுத்தவில்லை. தம் ஒவ்வொரு செயலையும் இவ்வளவு கடுமையாக ஆராய்ந்த மற்றொரு தலைவரைக் காண்பது அரிது. அத்தகையவருடைய ஆராய்ச்சிக்கும் இது அகப்படவில்லை என்பதில்தான் வரலாற்றாசிரியருக்குப் பாடம் இருக்கிறது. ஆணை அடிப்பது வன்முறை என அக்காலம் காணத் தொடங்கியிருந்தது. பெண்ணின் உடலைத் திருத்துவது வன்முறையாகக் கண்ணில் படவில்லை.

இத்தகைய சோதனைகளைப் பிற ஆசிரியர் பின்பற்றுதல் கூடாது, பின்பற்றுவோர் பெரும் இடருக்கு உள்ளாவர் என்றும், பண்ணையில் அளித்த உரிமையைத் தாமே இப்போது அளிக்கத் துணியமாட்டார் என்றும் காந்தியடிகள் அந்நூலில் எச்சரிக்கிறார். அச்சிறுமியரின் பெயர்களை அவர் குறிப்பிடவில்லை. எழுதும் காலத்தில் ஒருவர் மறைந்துவிட்டார், மற்றவர் இல்லறம் நடத்துகிறார் என்பதே அவர்களைப் பற்றி அவர் கூறும் இறுதிச் செய்தி.

பீனிக்சில் நோன்பு

1913 தொடக்கத்தில் பிள்ளைகள் டர்பனுக்கு அருகிலுள்ள பீனிக்ஸ் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த காந்தியடிகளுக்கு, பீனிக்சில் இருவர் ஒழுக்கம் தவறினர் என்னும் செய்தி வந்தது. அவர்களுள் ஒருவர் அவருடைய இரண்டாம் மகன், இருபது வயதினரான மணிலால் என்பதைப் பிற்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் தெளிவாக்கியுள்ளனர். சத்திய சோதனை பெயர் கூறவில்லை. மாணவரின் தவற்றில் ஆசிரியருக்கும் பங்குண்டு என்னும் முடிவுக்கு வந்த காந்தியடிகள், ஏழு நாள் உண்ணாநோன்பும், அதன்பின் நாலரை மாதம் நாளொன்றுக்கு ஒருவேளை உணவும் மேற்கொண்டார். காலன்பாக்கும் உடன் நோன்பிருந்தார். சிறிது காலத்திற்குப் பின், இதன் தொடர்ச்சியாகப் பதினான்கு நாள் நோன்பும் இருக்க நேர்ந்தது.

இங்கே பெரியதொரு மாற்றத்தைக் காண்கிறோம். சிறுமியரின் உடலில் ஏற்றப்பட்ட சுமை இப்போது ஆசிரியரின் உடலுக்கு வந்துவிட்டது. கல்வி வரலாற்றில் இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மாணவர் விதி மீறும்போது ஆசிரியர் பட்டினி கிடக்க வேண்டும் என எந்த ஒழுங்குமுறைப் புத்தகமும் கூறுவதில்லை. ஆயினும், நோன்பின் சுமையும் ஆசிரியரோடு நின்றுவிடுவதில்லை. தம் பொருட்டு ஒருவர் பட்டினி கிடப்பதைப் பார்க்கும் இளையோருக்கு அது பிரம்படியைவிடக் கடுமையானதாகவும் ஆகலாம். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உண்மையான அன்பில்லாத இடத்தில் இத்தகைய நோன்பு பொருந்தாது, கேடும் விளைக்கலாம் என்று காந்தியடிகளே எல்லை வகுத்தார்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பண்ணையில் நடந்தது கேலி. அதில் ஒருவர் புண்படுத்தினார், இருவர் புண்பட்டனர். பீனிக்சில் நடந்தது இருவருக்கிடையே எழுந்த ஈர்ப்பு. முன்னதில் நீதி கேட்க வேண்டியவர் இருந்தனர். பின்னதில் அப்படி எவரும் இல்லை. இவ்விரண்டும் காந்தியடிகளின் பார்வையில் தூய்மைக்கு நேர்ந்த ஊறு என்னும் ஒரே வகையில் அடங்கின. இருபாலர் பள்ளிகளின் விதிகள் இன்றுவரை சுமந்துவரும் குழப்பம் இதுவேயாகும்.

இதே 1913இல் டால்ஸ்டாய் பண்ணையோடு தொடர்புடைய பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நேட்டாலின் எல்லையைக் கடந்து நியூகாசில் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தனர். மூன்று மாதக் கடுங்காவலும் ஏற்றனர். அவர்களுள் சிலர் கைக்குழந்தையோடு சென்றவர்கள். சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22இல் மறைந்த வள்ளியம்மைக்கு அப்போது பதினாறு வயது. ஊற்றங்கரையில் காவல் வேண்டியவர்களாகக் கருதப்பட்ட அதே சமூகத்துப் பெண்கள், எல்லைக் காவலரின் முன் எவர் காவலுமின்றி நின்றனர். காந்தியடிகள் இதனைப் பெருமையோடு எழுதினார். இரண்டு பக்கங்களையும் அவர் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. அப்பணி நமக்கு உரியது.

பெற்றோரின் இடத்தில் ஆசிரியர்

ஆசிரியர் தந்தையின் இடத்தில் நிற்கிறார் என்னும் கருத்து காந்தியடிகளுக்கு அன்பிலிருந்தும் சமயத்திலிருந்தும் வந்தது. ஆங்கிலச் சட்டத்திலும் இதையொத்த கருத்து உண்டு. தந்தை தம் அதிகாரத்தின் ஒரு பகுதியை ஆசிரியருக்கு ஒப்படைக்கலாம் எனப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிளாக்ஸ்டோன் எழுதினார். அது குடியேற்ற நாடுகளின் கல்விச் சட்டங்களிலும் வேர்விட்டது. மலேசியாவின் 1959ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிமுறைகள் பிரம்படியை மாணவர்க்கு மட்டும் அனுமதித்து மாணவியரை விலக்கின. சிங்கப்பூர் விதிமுறைகளும் அவ்வாறே. பெண்ணுடலை அடிக்கலாகாது என்னும் தெளிவு சட்டத்தில் இருக்கிறது. அதற்கு வேறு வகைகளில் அடையாளமிடுவது பற்றி அத்தகைய தெளிவு இல்லை.

இக்கருத்து அண்மைக் காலத்தில் எவ்வாறு செயற்படுகிறது என்பதற்குக் கேரள வழக்கொன்று சான்றாகும். 2017 ஜூலையில் திருவனந்தபுரத்துத் தனியார் பள்ளி ஒன்றில், கலைவிழாவில் பாடிய மாணவியைப் பாராட்டும் வகையில் மூத்த வகுப்பு மாணவர் ஒருவர் தழுவினார். பள்ளி இருவரையும் இடைநீக்கம் செய்தது. மாணவரை மீண்டும் வகுப்பில் அனுமதிக்குமாறு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்டது. பள்ளி உயர்நீதிமன்றம் சென்றது. பள்ளியின் ஒழுங்கைக் காப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு, அதில் ஆணையம் தலையிட இயலாது எனக் கூறி 2017 டிசம்பரில் அவ்வாணையை நீதிமன்றம் நீக்கியது.

டால்ஸ்டாய் பண்ணையோடு ஒப்பிட்டால் ஒரு முன்னேற்றம் தெரிகிறது. மாணவருக்கும் மாணவிக்கும் ஒரே தண்டனை வழங்கப்பட்டது. ஆனால், கேலி, காதல், பாராட்டு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் அளக்கும் பழைய குழப்பம் அப்படியே நிலைத்திருந்தது. நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது அதிகாரம் யாருக்கு என்பதே. அத்தழுவலால் புண்பட்டவர் யார் என்பது முதன்மை பெறவில்லை. பெற்றோரின் இடத்தில் நிற்பதாகக் கூறிய பள்ளி, அந்த இடத்தின் அதிகாரத்தைக் கோரியது. காந்தியடிகள் ஏழு நாள் பட்டினியால் ஏற்றுக்கொண்ட பொறுப்பு அவ்வாதத்தில் இடம்பெறவில்லை. மாதக்கணக்கில் வகுப்பை இழந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே.

2018 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூரின் முயற்சியோடு சமரசம் ஏற்பட்டது. ஆண்டு இறுதித் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், இருவரும் அதே பள்ளிக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டனர்.